நாலு பேர் ஒரே நேரத்தில் படிக்க எந்த எஸ்எஸ்டி வாங்கலாம்?

போன காவடி அன்றைக்கு, அதாவது 2025 பிப்ரவரி 11 தைப்பூசத்தன்று, நடந்த கூத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். என் மச்சான், மனைவியின் தம்பி, மொரீஷியஸில், ரோஸ்ஹில் ஊரில் ஒரு மாடியில் சின்னதாக வீடியோ அறை வைத்திருக்கிறான். கல்யாணம், காவடி, தீமிதி, எது வந்தாலும் எடுப்பான். தைப்பூசத்தன்று மலையடிவாரக் கோயிலில் மூன்று கேமரா, அது போக இரண்டு பேர் புகைப்படம். சாயந்திரம் எல்லாக் கார்டையும் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்கள். மூன்று பேர் எடிட்டிங்கில் உட்கார்ந்திருந்தார்கள், நாலாவது ஆள் கார்டிலிருந்து சர்வருக்குக் காப்பி போட ஆரம்பித்தான், அவ்வளவுதான், மூன்று திரையும் ஒன்றாக உறைந்து நின்றன. நடு ரோட்டில் மாடு படுத்துக்கொண்ட மாதிரி. இரண்டு நிமிடம் நிற்கும், கொஞ்சம் நகரும், மறுபடியும் நிற்கும். ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன்.

‘அத்தான், பெட்டியில் நொடிக்கு 3,500 எம்பி என்று போட்டிருக்கிறானே, அதெல்லாம் எங்கே போச்சு?’ முழுக்க இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில்தான் கேட்டான், அத்தான் என்ற சொல் மட்டும் தமிழ்.

நான் எபேனில் சர்வர் பார்க்கிற வேலையில் இருப்பவன், அதனால் இந்தக் கேள்வி வீட்டுக்கு வந்தால் என் தலையில்தான் விழும். அடுத்த காவடிக்குள் மாற்றிவிடவேண்டும் என்று முடிவு செய்து, என்னென்ன வழி இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டியில் அச்சடித்த வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பார்க்கவேண்டியது இரண்டுதான். ஒரே நேரத்தில் எத்தனை கேள்வி (இந்தத் தகவலைக் கொடு என்று டிரைவிடம் கேட்பது) உள்ளே போகிறது, உள்ளே போன கேள்விகள் எழுதுகிற வேலைக்குப் பின்னால் மாட்டிக்கொள்கின்றனவா.

ஏன் அப்படி என்று புரிய எஸ்எஸ்டிக்குள், அதாவது சுழலும் தட்டுக்குப் பதில் ஃபிளாஷ் சிப்பில் தகவல் வைக்கிற டிரைவுக்குள், கொஞ்சம் எட்டிப் பார்க்கவேண்டும். எம்.2 என்கிற சின்ன எஸ்எஸ்டி அட்டையில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தால் கறுப்புச் சதுரங்கள் இரண்டோ நாலோ தெரியும், ஓரத்தில் இன்னொன்று, வேலையைப் பிரித்துக் கொடுக்கிற கன்ட்ரோலர். அந்தக் கறுப்புச் சதுரம் ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய சிலிக்கான் துண்டுகள் அடுக்கடுக்காக இருக்கும், அதற்குப் பெயர் டை (கழுத்தில் கட்டுகிறதும் இல்லை, தலைக்கு அடிக்கிறதும் இல்லை). டைக்குள்ளே பிளேன் என்று 2 அல்லது 4 பிரிவு. மைக்ரான் 2022-ல் வெளியிட்ட 232 அடுக்கு சிப்பில் 6. டைகளிலிருந்து கன்ட்ரோலருக்கு வருகிற பாதை சேனல். வீட்டு எஸ்எஸ்டிகளில் 4 அல்லது 8 சேனல் இருக்கும்.

காவடி முடிந்து ஏழு கறிப் பந்தி போடுவார்கள் இல்லையா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். டை என்பது அடுப்பில் நிற்கிற ஆள். சேனல் என்பது சமையல்கட்டின் வாசல். ஒரு ஆள் ஒரு வாளி சாம்பாரை நிரப்ப எடுக்கும் நேரம் இருக்கிறது, அந்த வாளி வாசலைத் தாண்டுகிற நேரம் இருக்கிறது, இரண்டும் வேறுவேறு. டிஎல்சி ஃபிளாஷில் (செல் என்கிற நுண் அறை ஒவ்வொன்றிலும் 3 பிட் வைக்கிற வகை) ஒரு பக்கத்தை, அதாவது 16 கேபியை, செல்களிலிருந்து எடுக்க ஏறக்குறைய 60 மைக்ரோ நொடி என்று வைத்துக்கொள்வோம் (50-லிருந்து 100 வரை சிப்புக்குச் சிப்பு மாறும்). அந்த 16 கேபி, நொடிக்கு 1,600 எம்பி ஓடுகிற சேனலைத் தாண்ட 10 மைக்ரோ நொடிதான். அப்படியானால் ஒரு வாசலை முழு நேரமும் ஓடவைக்க உள்ளே ஆறு ஆளாவது சேர்ந்து நிரப்பிக்கொண்டிருக்கவேண்டும். ஒரே ஆள் நின்றால் வாசல் பெரும்பாலும் சும்மா கிடக்கும். எஸ்எஸ்டியின் வேகம் என்று சொல்கிறதெல்லாம் இந்தக் கூட்டு வேலையின் வேகம்தான். தனி டை ஒன்றும் பெரிய ஓட்டக்காரன் இல்லை.

வேலையை இன்னும் நெருக்கமாக அடுக்க உள்ளேயே சில ஏற்பாடுகள் உண்டு. ஒரு பக்கம் சேனலில் வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்த பக்கத்தை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்வது ஒன்று. பல பிளேன்களில் ஒரே நேரத்தில் படிப்பது இன்னொன்று. பழைய சிப்புகளில் இதற்கு ஒரு கட்டாயம் இருந்தது, எல்லாப் பிளேனும் ஒரே எண்ணுள்ள பக்கத்தைத்தான் சேர்ந்து எடுக்கமுடியும். பெரிய வீடியோ கோப்பை நேராக ஓட்டினால் அது போதும், ஆனால் ஆங்காங்கே சிதறின சின்னச் சின்னப் படிப்புகளுக்குப் பிரயோஜனமில்லை. புதிய சிப்புகளில் ஒவ்வொரு பிளேனும் தன்பாட்டுக்குத் தனிப் பக்கத்தைப் படிக்கும். பலர் ஒரே நேரத்தில் படிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே உதவுகிற முன்னேற்றம் இதுதான், கடைக்காரர்கள் பெட்டியில் போடாததும் இதைத்தான்.

சரி, இனி வழிகள்.

முதல் வழி, ஒன்றும் வாங்காமல் கேட்கிற முறையை மாற்றுவது. இதைப் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள், நான் இதிலேதான் ரொம்ப நேரம் நின்றேன். கணக்கு எளிது. சின்னதாக 4 கேபி கேட்கிறோம், கன்ட்ரோலர், இயங்குதளம் எல்லாம் சேர்த்துப் பதில் வர 80 மைக்ரோ நொடி. பதில் வந்த பிறகு அடுத்ததைக் கேட்டால் நொடிக்கு 12,500 கேள்விதான் கேட்கமுடியும், அதாவது 50 எம்பி சொச்சம். 3,500-ஓ 7,000-ஓ, பெட்டியில் எதுவாக இருந்தாலும் அந்த 50 அப்படியே இருக்கும். அதே டிரைவில் எப்போதும் 32 கேள்வி நிலுவையில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டால், உள்ளே போதிய டைகள் இருக்கிற பட்சத்தில், நொடிக்கு 4 லட்சம், 1,600 எம்பியைத் தொடும். பணம் ஒரு காசு செலவில்லை.

இதில் ஒரு நுணுக்கம். 16 டை இருக்கிறது, 16 கேள்வி போட்டால் போதுமே என்று தோன்றும். கேள்விகள் எந்த டைக்குப் போகும் என்பது நம் கையில் இல்லை. 16 கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு 16 டைகளில் போட்டால் சராசரியாகப் பத்து டைக்குத்தான் வேலை கிடைக்கும், ஆறு டை சும்மா உட்கார்ந்திருக்கும், சில டைகளின் முன்னால் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். அதனால் டைகளின் எண்ணிக்கையைவிட இரண்டு மூன்று மடங்கு கேள்வி வரிசையில் இருக்கவேண்டும். அதற்குமேல் போட்டால் வேகம் ஏறாது, ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருக்கிற நேரம்தான் கூடும்.

மச்சானின் அறையில் இதைச் செய்துபார்க்க ஒரு நல்ல இரை இருந்தது. புகைப்படங்களுக்குச் சின்னப் படம் தயார் பண்ண நான் எப்போதோ எழுதிக்கொடுத்த பைத்தான் ஸ்கிரிப்ட். ஒரு கோப்பைத் திற, படி, மூடு, அடுத்தது. 18,000 படத்துக்கு முக்கால் மணி நேரம் ஓடும். அதைத் திருத்தி, ஒரே நேரத்தில் ஓடுகிற 16 தொழிலாளிகளாகப் பிரித்துவிட்டேன், பத்து வரி மாற்றம்கூட இல்லை. ஏழு நிமிடத்தில் முடிந்தது. அதே டிரைவ், போன காவடியில் மானத்தை வாங்கிய அதே டிரைவ்! இதில் பாதிப் புகழ் சிபியுவின் எட்டு கோர்களுக்கும் போகவேண்டும், அதை மறைக்கவில்லை. சொந்தமாக நிரல் எழுதுகிறவர்களுக்கு லினக்ஸில் 2019-லிருந்து, 5.1 கர்னலிலிருந்து, ஐஓ யூரிங் என்கிற வசதி இருக்கிறது. ஒரு திரெட்டிலிருந்தே (நிரலின் ஒரே ஓட்டத்திலிருந்தே) நூற்றுக்கணக்கான கேள்விகளைக் கொத்தாகக் கொடுத்துவிட்டுப் பதில்களைப் பிறகு அள்ளிக்கொள்ளலாம். சும்மா ஸ்கிரிப்ட்டுக்கு அதெல்லாம் தேவையில்லை, திரெட்டுகள் போதும்.

கோப்பு எப்படி எழுதப்பட்டது என்பதும் படிப்பைப் பாதிக்கும். கன்ட்ரோலர் பொதுவாக வருகிற வரிசைப்படி துண்டுகளை டை டையாகச் சுற்றிப் போட்டுக்கொண்டே போகும். ஒரு கோப்பை ஒரே மூச்சில் எழுதினால் அது எல்லா டையிலும் பரவும், படிக்கும்போது எல்லா டையும் சேர்ந்து கொடுக்கும். நாலு கார்டை ஒரே நேரத்தில் கொட்டினால் நாலு கோப்பின் துண்டுகளும் மாறிமாறி விழுந்து, ஒரு கோப்பு நாலில் ஒரு பங்கு டைகளிலேயே குவிந்துவிட வாய்ப்புண்டு. அப்புறம் அதைப் படிக்கும்போது அந்த நாலு டைக்கு மட்டும் வியர்க்கும். பழைய காவடிக் கோப்புகள் சிலவற்றை வேறு இடத்துக்கு ஒரே ஓட்டமாகக் காப்பி செய்து திரும்ப வைத்தபோது வித்தியாசம் தெரிந்தது.

ஆனால் இந்த வழிக்கு ஒரு எல்லை உண்டு. எடிட்டிங் மென்பொருள் எப்படிக் கேட்கிறது என்பதை நான் மாற்றமுடியாது. எழுதும்போது படிப்பு நிற்கிற நோயை இது தொடவே தொடாது.

அந்த நோய் என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், மற்ற வழிகளை எடைபோட அதுதான் தராசு. ஃபிளாஷில் படிப்பது 60 மைக்ரோ நொடி, எழுதுவது அரை மில்லி நொடிக்கும் மேல், அழிப்பது சில மில்லி நொடி. அழிப்பு 3 மில்லி நொடி என்று வைத்தால், ஒரு டை அழித்துக்கொண்டிருக்கும்போது அதன் வாசலில் வந்து நிற்கிற படிப்பு, தன் சொந்த வேலையைப் போல 50 மடங்கு நேரம் காத்திருக்கும். நல்ல கன்ட்ரோலர்கள் அழிப்பைப் பாதியில் நிறுத்திவைத்துப் படிப்பை முன்னால் விடும், மலிவானவற்றில் அந்தச் சாமர்த்தியம் எவ்வளவு இருக்கிறது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அன்றைக்கு மச்சானிடம் இருந்தது 2 டிபி க்யூஎல்சி, சொந்த டிராம் (டிரைவுக்குள்ளேயே இருக்கிற வேகமான நினைவகம்) இல்லாதது, முக்கால்வாசிக்குமேல் நிறைந்தது. ஒரு செல்லில் 4 பிட் அடைப்பதுதான் க்யூஎல்சி, எழுத இன்னும் மெதுவாகும். காலியாக இருக்கும்வரை கொஞ்சம் செல்களைச் செல்லுக்கு 1 பிட் என்று வேகமாக எழுதிச் சமாளிக்கும், நிறைந்துவிட்டால் அந்த இடம் சுருங்கிப்போகும். பிறகு வருகிற கார்டையெல்லாம் நேராக மெதுவான செல்லில் எழுதவேண்டும், இடம் பண்ண அழிக்கவும் வேண்டும். மூன்று எடிட்டரும் அதற்குப் பின்னால்தான் நின்றார்கள்.

இரண்டாவது வழி, நாலு சாட்டா (பழைய வகை இணைப்பு) எஸ்எஸ்டியைச் சேர்த்து ரெய்டு, அதாவது பல டிரைவை ஒன்றுபோல ஓட்டுவது. மச்சானின் சிநேகிதன் ஒருவன் இதைத்தான் சத்தியம் பண்ணிச் சொன்னான். ஒவ்வொன்றும் நொடிக்கு 550 எம்பி, நாலு சேர்ந்தால் இரண்டாயிரத்துக்கு மேல், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பழைய மதர்போர்டிலும் ஓடும், ஒன்று போனால் கழற்றி மாற்றுவது சுலபம், சூடும் ஆகாது. ஆனால் சாட்டாவில் டிரைவுக்கு ஒரே வரிசை, அதில் அதிகபட்சம் 32 கேள்வி. அந்த 32-ஐயும் டிரைவ் தனக்கு வசதியான வரிசையில் மாற்றிப் பதில் சொல்லிக்கொள்ளும், கேட்ட வரிசையில் வரவேண்டிய கட்டாயமில்லை. (வரிசை மாறினால் என்ன ஆகும் என்று இந்த ஊர்த் தமிழர்களிடம் கேட்கவேண்டும். 1998-ல் மொரீஷியஸின் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எஸ்எஸ்டிக்கு அவ்வளவு ரோஷம் கிடையாது.) புதிய எஸ்எஸ்டிகள் பேசுகிற என்விஎம்இ முறையில் விதிப்படி 65,535 வரிசை, ஒவ்வொன்றிலும் 65,536 வரை கேள்வி. நிஜத்தில் எந்த வீட்டு டிரைவும் அத்தனை வைத்துக்கொள்வதில்லை என்றாலும், சிபியுவின் ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசை கிடைப்பதே பெரிய விஷயம்.

அதோடு, வேகத்துக்காக ரெய்டு 0 (தகவலைத் துண்டாக்கி எல்லா டிரைவிலும் பிரித்து வைப்பது) போட்டால் நாலில் ஒன்று செத்தாலும் எல்லாம் போச்சு. ஒரு தம்பதியின் கல்யாண வீடியோவைத் தொலைத்துவிட்டு இந்தத் தீவில் எங்கே போய் ஒளிவது? ஒவ்வொன்றுக்கும் நகல் வைக்கிற ரெய்டு 10 போட்டால் பாதி இடம்தான் மிஞ்சும். புதிதாக வாங்குகிறவர்கள் இந்த வழியை மறந்துவிடலாம். ஏற்கெனவே நாலு சாட்டா டிரைவ் அலமாரியில் கிடந்தால் மட்டும் யோசிக்கலாம்.

மூன்றாவது, ஒரே ஒரு பெரிய என்விஎம்இ. எல்லோரும் முதலில் நினைப்பது இது, தப்பும் இல்லை. ஆனால் இதில் வாங்குகிறவர் கவனிக்கிற இடமும் கவனிக்கவேண்டிய இடமும் வேறு. இணைப்பு பிசிஐஇ 4.0-ஆ 5.0-ஆ என்பதை விடுங்கள். உள்ளே எத்தனை டை என்று கேளுங்கள். இப்போது பரவலாக இருக்கிற 1 டெராபிட் டை ஒன்றில் 128 ஜிபி. அப்படியானால் 1 டிபி டிரைவில் எட்டே எட்டு டை, 2 டிபியில் 16. முன்பு டையின் அளவு பாதியாக இருந்தபோது 1 டிபியிலேயே 16 இருந்தது. சிதறின சின்னப் படிப்புகளுக்கு ஒரு டை 60 மைக்ரோ நொடிக்கு ஒரு பதில் என்று எடுத்துக்கொண்டால் எட்டு டைக்கு நொடிக்கு 1,33,000, பதினாறுக்கு அதன் இரட்டிப்பு. பிளேன்கள் தனித்தனியாகப் படிக்கத் தெரிந்த சிப் என்றால் இது பல மடங்காகும், ஆனாலும் விகிதம் அதேதான். புது மாடல் 1 டிபி, பழைய மாடல் 1 டிபியிடம் சில வேலைகளில் தோற்பது இதனால்தான். ஒரு ஜிபிக்கு என்ன விலை என்று மட்டும் பார்த்துச் சின்ன டிரைவ் வாங்கினால் அடுப்பில் ஆள் குறைவு என்று அர்த்தம்.

அடுத்தது டிராம். எந்தத் தகவல் எந்த டையில் எந்தப் பக்கத்தில் என்று கன்ட்ரோலர் ஒரு பேரேடு வைத்திருக்கும், 1 டிபிக்கு ஏறக்குறைய 1 ஜிபி அளவுக்கு. சொந்த டிராம் இருந்தால் பேரேடு முழுக்க அதில் இருக்கும். இல்லாத டிரைவ்கள் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து சில பத்து எம்பி கடன் வாங்கிப் பேரேட்டின் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளும். ஒருவர் ஒரே விளையாட்டை ஓட்டினால் அந்தப் பகுதியே போதும். நாலு பேர் நாலு வருஷத்துக் கோப்புகளைத் தோண்டினால் பேரேட்டுப் பக்கத்தையே முதலில் ஃபிளாஷிலிருந்து படித்து, அப்புறம் நிஜமான பக்கத்தைப் படிக்கவேண்டும். ஒரு கேள்விக்கு இரண்டு படிப்பு. வீட்டுக்கு ஒருவர் என்றால் டிராம் இல்லாததை வாங்குங்கள், மிச்சம் பிடிக்கலாம். பலர் படிக்கிற சர்வருக்கு வேண்டாம்.

இன்னொரு எரிச்சல். ஒரே மாடல் பெயரில் முதலில் டிஎல்சி போட்டு விற்று, விமர்சனமெல்லாம் நன்றாக வந்த பிறகு உள்ளே சிப்பை மாற்றிவிடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. நான் வாங்கிக்கொடுத்து ஏமாந்த ஒன்றும் அப்படித்தான், பெயர் வேண்டாம். தீவுக்குக் கப்பலிலோ விமானத்திலோ வரவழைத்துவிட்டுத் திருப்பி அனுப்புகிற செலவில் இன்னொன்று வாங்கிவிடலாம், அதனால் வாங்குவதற்கு முன்னாலேயே விசாரிக்கவேண்டியதாகிறது. சூடு வேறு. பிப்ரவரியில் ஏசி இல்லாத அறையில் மேலே உலோகத் தகடு இல்லாத எம்.2 சீக்கிரமே 70 டிகிரியைத் தாண்டி, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தகடு ஒன்று போட்டுவிடுங்கள், பெரிய செலவில்லை.

ஒற்றை டிரைவின் நிஜக் குறை, எழுத்தும் படிப்பும் ஒரே சமையல்கட்டில் நடப்பது. எவ்வளவு நல்லது வாங்கினாலும் காவடி ராத்திரி காப்பி ஓடும்போது கொஞ்சம் தடுமாறும்.

நாலாவது, இரண்டு என்விஎம்இ, கண்ணாடிப் பிம்பமாக. ரெய்டு 1. இதைப் பாதுகாப்புக்கான ஏற்பாடு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். படிப்புக்கும் இது நல்ல வழி. ஒரே தகவல் இரண்டு டிரைவிலும் இருப்பதால் எதில் வேண்டுமானாலும் கேட்கலாம். லினக்ஸோடு வருகிற எம்டி ரெய்டு மென்பொருள், எஸ்எஸ்டி என்று தெரிந்தால் எந்த டிரைவில் நிலுவை குறைவோ அங்கே அடுத்த கேள்வியை அனுப்பும். ஒருவர் மட்டும் ஒரு கோப்பை நேராக ஓட்டினால் லாபமில்லை, ஒரு டிரைவ்தான் வேலை செய்யும். மூன்று நாலு பேர் என்றால் தன்னால் பிரிந்துவிடும். அந்த ஒற்றை ஆளுக்கும் வேகம் வேண்டுமானால் இரண்டே டிரைவில் ரெய்டு 10-ஐ ‘ஃபார்’ அமைப்பில் போடலாம், படிப்பு இரண்டிலும் மாறிமாறி விழும். பிம்பம் இருந்தால் பேக்கப் வேண்டாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், தப்பாக அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும்.

இதற்கும் ஒரு ஆனால். எழுதும்போது இரண்டும் சேர்ந்தே எழுதுகின்றன. ஆகவே எழுத்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிற நோய் பாதிதான் தீரும். மீதிப் பாதிக்கு என்ன செய்தோம் என்பது கடைசியில்.

ஐந்தாவது, டேட்டா சென்டர்களில் ஓடிக் கழித்துவிட்ட யு.2 என்கிற சர்வர் வகை டிரைவ்கள். எனக்கு இவற்றின்மேல் ஒரு மயக்கம் உண்டு, அலுவலகத்தில் தினம் பார்க்கிறவை. நிறைய டை, நிறைய சேனல், எழுத்து ஓடும்போதும் படிப்பு நேரம் தடுமாறாத மாதிரி கட்டியவை. அதைவிட முக்கியமாக, உள்ளே மின்தேக்கிகள் இருக்கும், கரண்ட் போனாலும் கையில் வைத்திருந்ததை எழுதி முடித்துவிட்டுத்தான் சாகும். புயல்கள் அதிகம் வருவது ஜனவரி முதல் மார்ச் வரை, காவடியும் அதற்குள்தான் வருகிறது. 2024 ஜனவரியில் பெலால் புயலில் போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எழுத்துக்குப் பின்னால் படிப்பு மாட்டிக்கொள்கிற நோய்க்கு நேரான மருந்து இதுதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டு மதர்போர்டில் மாட்ட தனி கேபிள், அடாப்டர் வேண்டும், காற்று நன்றாக ஓடவேண்டும், அதற்கு வைக்கிற மின்விசிறி எடிட்டிங் அறையில் உயிரை வாங்கும். பழையதை வாங்கினால் எவ்வளவு எழுதித் தேய்ந்தது என்று விற்கிறவர் சொல்வதை நம்பவேண்டும். தேய்ந்த ஃபிளாஷில் முதல் தடவை சரியாகப் படிக்காமல் மின்னழுத்தத்தை மாற்றித் திரும்பத் திரும்பப் படிக்கவேண்டிவரும், வேகத்துக்காக வாங்கிய பொருளில் அதுவே வேகத்தைத் தின்னும். உத்தரவாதம் கிடையாது. அலுவலகத்துக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு புதியதாக இதைத்தான் வாங்கச் சொல்வேன். மச்சானுக்குச் சொல்லவில்லை.

ராமைக் கூட்டுவது தனி வழியாகவே சொல்லத் தேவையில்லை. எல்லோரும் அன்றைக்கு எடுத்த அதே காட்சிகளையே திரும்பத் திரும்பப் பார்ப்பதால், சர்வரில் ராம் நிறைய இருந்தால் இரண்டாவது தடவை எஸ்எஸ்டிக்கே போகாது. இடம் இருந்தால் போடுங்கள்.

இதையெல்லாம் பேசிவிட்டு நெட்வொர்க்கை மறந்தால் சிரிப்பார்கள். அந்த அறையில் இருந்தது 1 ஜிகாபிட். ஒரு கேமரா 100 மெகாபிட், மூன்று கோணத்தையும் ஒன்றாக ஓட்டினால் ஆளுக்கு 300, மூன்று பேருக்கு 900. கழுத்து வரைக்கும் தண்ணீர். போன காவடியில் திரைகள் நின்றபோது நெட்வொர்க் காலியாகத்தான் கிடந்தது, குற்றவாளி டிரைவ்தான், அது தெளிவு. ஆனால் டிரைவைச் சரிசெய்த மறுநிமிடமே அடுத்த அடைப்பு கேபிளில் வந்து நிற்கும். சர்வரிலிருந்து ஸ்விட்சுக்கு 10 ஜிகாபிட், ஆளுக்கு 2.5 என்று மாற்றினோம். நேர்மையாகச் சொன்னால், மூன்று எடிட்டருக்கு அதற்குமேல் எந்த எஸ்எஸ்டியின் முழு வேகமும் வெளியே வரப்போவதில்லை. 14,000 எம்பி டிரைவை வாங்கி 2.5 ஜிகாபிட் கேபிளில் மாட்டுவது தேர் வாங்கிச் சந்துக்குள் இழுக்கிற கதை.

ஆகவே நாங்கள் எடுத்தது நாலாவது வழி. 2 டிபி டிஎல்சி, சொந்த டிராம் உள்ளது, இரண்டு, பிம்பமாக. இரண்டும் ஒரே நாளில் ஒரே தொகுப்பில் செத்துவிடக்கூடாது என்று வெவ்வேறு கம்பெனி. ஃபியோ என்கிற சோதனை மென்பொருளை வைத்து அளந்தபோது நான் பார்த்தது சராசரியை இல்லை, நூறில் ஒரு கேள்வி எவ்வளவு நேரம் தாமதமாகிறது என்பதை. எடிட்டர் திரை உறைவது அந்த ஒன்றில்தான். ஒரு யுபிஎஸ்ஸும் சேர்த்து வாங்கவைத்தேன், அதற்கு மட்டும் மச்சான் முகம் கோணியது.

எழுத்து நோயின் மீதிப் பாதிக்கு வருகிறேன். கார்டுகளைப் பிம்பத்தில் நேராகக் கொட்டுவதையே நிறுத்திவிட்டோம். அதற்கென்று தனி டிரைவ் ஒன்றை ஒரு பிசிஐஇ அட்டையில் மாட்டினேன், கார்டெல்லாம் அதில் விழும். அவசரமான காட்சியை மட்டும் உடனே நகர்த்துவது, மற்றதை எடிட்டர்கள் வீட்டுக்குப் போன பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் கார்டு கார்டாக, ஒன்று முடிந்து அடுத்தது என்று, பிம்பத்துக்கு மாற்றிவிடும். பகலில் பிம்பத்தில் படிப்பு மட்டும். ஒவ்வொரு கோப்பும் ஒரே மூச்சில் எழுதப்படுவதால் எல்லா டையிலும் பரவியும் விடுகிறது. டிசம்பரில் ஒரு கல்யாணத்துக்கு முதல் தடவையாக நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள், அன்றைக்கு ராத்திரி எனக்கு போன் வரவில்லை.

கார்டு கொட்டுகிற அந்தத் தனி டிரைவ் வேறொன்றுமில்லை, போன வருஷம் மானத்தை வாங்கிய அதே 2 டிபி க்யூஎல்சிதான். முழுக்கக் காலியாக இருந்தால் நாலில் ஒரு பங்கு அளவுக்குக்கூட 1 பிட் வேகத்தில் எழுதிக்கொள்ளும் சாதி அது, ஒரு நாள் கார்டெல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிறது. தினமும் காலி செய்துவிடுகிறோம். மச்சான் அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான், கிரியோலில் ஒரு வரி, கீழே என் பெண் எழுத்துக்கூட்டி எழுதிக்கொடுத்த தமிழ் ஒரு வரி: ‘இதில் யாரும் படிக்காதீர்கள்’.